கடிகாரத்தைக் காணிக்கை போட்டவளின் கணவன்

ஈட்டன்,
திங்கட்கிழமை, பால் கறந்த பிறகு.

கிறிஸ்துவுக்குள் பிரியமான மைத்துனர், போதகர் நெகேமியா அவர்களுக்கு,

ஸ்தோத்திரம். தங்கள் தங்கையும் என் மனைவியுமான ஜெரோதிச், மகன் கிபெட், செவலைப் பசு ஆகியோர் தேவகிருபையால் சுகம். நான் சுகமில்லை. தங்கள் சுகத்தை விசாரிக்கும் மனநிலையிலும் இல்லை. மரியாதைக்கு விசாரித்ததாக வைத்துக்கொள்ளவும். இரண்டு தெரு தள்ளி இருக்கிறவனுக்கு எதற்குக் கடிதம் என்று கேட்பீர்கள். நேரில் வந்தால் நான் வாயைத் திறக்குமுன் "வா மச்சான், முதல்ல ஜெபிப்போம்" என்று கண்ணை மூடிவிடுவீர்கள். நீங்கள் ஆமென் சொல்வதற்குள் என் கோபம் ஆறிப்போகும். இந்தக் கோபம் ஆறக் கூடாது, மச்சான்.

எல்லாம் உங்கள் பிரசங்கத்தில் ஆரம்பித்தது. "ஓடுறது உங்க வேலை, பலன் குடுக்கறது கர்த்தரோட வேலை, அவரு வேலையில தலையிடாதீங்க!" என்று மேசையைத் தட்டினீர்கள். சபையில் பாதிப்பேர் ஓட்டக்காரர்கள். அவர்கள் ஆமென் சொல்லிவிட்டு வீட்டுக்குப் போய் உகாலிக் களி சாப்பிட்டார்கள். உங்கள் தங்கை மட்டும் அதை நெஞ்சில் வாங்கிக்கொண்டாள். அடுத்த ஞாயிறு காணிக்கைக்கு ஊரார் பூசணிக்காயும் கோழியும் கொண்டுவர, இவள் கையிலிருந்த கடிகாரத்தைக் கழற்றிக் கூடையில் போட்டாள். "மணி பாத்துப் பாத்து ஓடுறது விசுவாசக் குறைச்சல்" என்றாள். எந்தக் கடிகாரம்? நான் முன்னால் ஓட, அவள் பின்னால் அதைப் பார்த்து "மெதுவா", "இழுங்க" என்று குரல் கொடுப்பாளே, அந்தக் கடிகாரம். எங்கள் குடும்பமே அதில்தான் ஓடியது. ஆராதனை முடிந்து காணிக்கைப் பொருட்களை மரத்தடியில் ஏலம் விட்டபோது, எப்படியாவது மீட்டுவிடலாம் என்று முன்வரிசையில் நின்றேன். அந்த நேரம் பார்த்து "மச்சான், கோழி ஓடுது, புடி!" என்றீர்கள். நான் கோழியை அக்குளில் இடுக்கிக்கொண்டு திரும்பி வருவதற்குள் பாடகர் குழுத் தலைவர் கடிகாரத்தை ஏலத்தில் எடுத்து உங்கள் கையில் கட்டியாயிற்று.

கட்டியதும் கட்டினீர்கள், அதன் மணியையாவது நிறுத்தத் தெரிந்துகொண்டீர்களா? ஒரு மணி அடித்தால் ஓடு, அடுத்த மணி அடித்தால் நில் என்று பயிற்சிக்காக நான் வைத்திருந்தது அது. போன வாரம் பிரசங்கத்தின் நடுவில் அது அடிக்க, சபையிலிருந்த ஓட்டக்காரர்கள் அத்தனை பேரும் பழக்கதோஷத்தில் சடாரென்று எழுந்தார்கள். மறுபடி அடித்தது, உட்கார்ந்தார்கள். வெளியூர் விருந்தாளிகள் இதுதான் இங்கத்து முறை போலிருக்கிறது என்று அவர்களும் எழுந்து உட்கார்ந்தார்கள். நீங்களோ "எழுப்புதல் வந்துடுச்சு!" என்று அழுதீர்கள். வந்தது என் கடிகாரம், ஐயா!

இனி மாரத்தான் பந்தயத்துக்கு வருகிறேன். முன்னோடி என்றால் யார் என்று உங்களுக்குத் தெரியும். முப்பதாவது கிலோமீட்டர் வரை அவளுக்கு முன்னால் ஓடி, காற்றை மார்பில் வாங்கி, வேகம் பிடித்துக் கொடுத்துவிட்டு, கௌரவமாக ஒதுங்க வேண்டியவன் நான். அவள் ஜெயித்தால் வெளிநாட்டுப் பந்தயத்துக்கு அனுப்புவதாக ஏஜெண்ட் வாக்குக் கொடுத்திருந்தார். அதற்காக எத்தனை விடியல், எத்தனை மேடு! ஆனால் கடிகாரம் இல்லாமல் வேகம் எனக்கு எப்படித் தெரியும்? கயிறறுத்த காளை மாதிரி ஓடினேன். சந்தைக்கு வரும்போதே மூச்சு தொண்டைக்கு வந்துவிட்டது. முப்பதுக்கு இன்னும் எவ்வளவோ தூரம். உங்கள் தங்கை பக்கத்தில் வந்தாள். வேலிக்கு அந்தப் பக்கம் நின்று உப்புக் கேட்பவள் போல, இளைக்காமல் சொன்னாள்: "கிபெட் அப்பா, நீங்க ஓரமா உக்காருங்க. மீதிய நானும் கர்த்தரும் பாத்துக்கறோம்." போய்விட்டாள். ஓய்ந்தவர்களை அள்ளிப்போட வந்த லாரியில் என்னையும் ஏற்றினார்கள். தக்காளிக்காரி விடுவாளா? "ஏய், இங்க பாருங்கடி! பொண்டாட்டிய இழுத்துட்டுப் போக வந்தவரு, லாரியில சவாரி போறாரு!" சந்தையே சிரித்தது.

அவள் ஜெயித்தாள். அதற்கு நான் வருத்தப்படுவேனா? அவள் கோட்டைத் தாண்டியபோது லாரியில் நின்று தொண்டை கிழியக் கத்தியவன் நான். ஆனால் மைக்கைக் கொடுத்ததும் என்ன பேசினாள்? கர்த்தருக்கு நன்றி. அண்ணன் போதகருக்கு நன்றி. பாடகர் குழுவுக்கு நன்றி. "எங்க செவலைப் பசுவோட பால் இல்லேன்னா நான் இல்ல." நான் அவள் ஸ்வெட்டரைப் பிடித்துக்கொண்டு மேடைக்குக் கீழேயே நின்றிருந்தேன். அடுத்தது நம் பெயர்தான் என்று சட்டையைக்கூட இழுத்துவிட்டுக்கொண்டேன். மைக்கை வாங்கிவிட்டார்கள். பசு, மச்சான்! அந்தப் பசுவைக் கறந்தவன் யார்? பலன் கர்த்தருடையது, சரி. பயிற்சி யாருடையது? சேற்றிலும் ஆலங்கட்டி மழையிலும் அவளுக்கு முன்னால் ஓடிய முதுகு யாருடையது? எனக்கு அழுகையே வந்துவிட்டது, வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன்.

ஆகவே இன்றோடு நான் ஓட்டத்தை விட்டாயிற்று. கடிகாரம் இந்த வாரத்துக்குள் வீடு வந்து சேர வேண்டும். முன்னோடி வேண்டுமென்றால் பாடகர் குழுத் தலைவரைக் கூப்பிட்டுக்கொள்ளட்டும். அல்லது பசுவை.

உங்கள் மந்தை பெருகவும், உங்கள் பிரசங்கம் சுருங்கவும் வாழ்த்துகிற,
ஓசியா கிப்கெம்போய்
(முன்னாள் முன்னோடி)

பி.கு.: புளித்த பால் கொண்டுவந்த உங்கள் தங்கை "யாருக்கு இவ்வளவு நீளமா?" என்றாள். கோபத்தில் முழுவதையும் படித்துக் காட்டினேன். பசு வந்த இடத்தில் சிரித்தாள். பிறகு, "மேடை ஏறி யாராச்சும் சொந்தக் காலுக்கு நன்றி சொல்வாங்களா?" என்றாள். "இவருக்கும் டிக்கெட் போட்டாத்தான் நான் வருவேன்" என்று ஏஜெண்டிடம் ஜெயித்த அன்றைக்கே சொல்லிவிட்டாளாம். எனவே கடிகாரத்தை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள். மணியை மட்டும் நிறுத்துங்கள். நாளை மேட்டில் ஓட்டம், இரண்டு ஜோடி ஷூவும் அடுப்பருகே காய்கின்றன. முழங்காலில் நின்று எனக்காக ஜெபியுங்கள், மச்சான். பலனைக் கர்த்தர் பார்த்துக்கொள்வார். முப்பது கிலோமீட்டர் வரைக்கும் என் மூச்சை நீங்கள் பார்த்துக்கொள்ளுங்கள்.