கஸ்ஸுக்குத் தெள்ளுப்பூச்சி கிடையாது

மினசோட்டா,
செப்டம்பர் மாதம்.

மதிப்பிற்குரிய அக்கா சோல்வெய்க்குக்குத் தம்பி ஆர்விட் எழுதிக்கொள்வது. நான் சௌக்கியம் என்று எழுதுவது முறை, அதனால் எழுதுகிறேன். அரிசோனா வெயிலில் நீ சௌக்கியமாகத்தான் இருப்பாய். உனக்கென்ன, நாயை என் தலையில் கட்டிவிட்டுப் போனவள்.

ஆகஸ்ட் பிறந்ததுமே உன் கஸ் சொறிய ஆரம்பித்தான். காதைச் சொறிகிறான், வயிற்றைச் சொறிகிறான், பாதத்தைக் கடித்துக் கடித்துச் சிவப்பாக்கிவிட்டான், சொறியும்போது பின்னங்கால் மரத்தரையில் இடிக்கிற இடிக்கு யாரோ கதவைத் தட்டுகிறார்கள் என்று நினைத்து, "உள்ள வாங்க, தெறந்துதான் இருக்கு" என்று தினமும் கத்துகிறேன். யாரும் வருவதில்லை. ஏனென்றால் அவனுக்குத் தெள்ளுப்பூச்சி என்று ஊரே முடிவு கட்டிவிட்டது. நம் ஆட்கள் அதை முகத்துக்கு நேரே சொல்வார்களா? செத்தாலும் மாட்டார்கள். வாசல்படியில் ஒரு தட்டு எலுமிச்சைக் கேக், பக்கத்தில் தெள்ளுப்பூச்சி ஷாம்பு ஒரு பாட்டில், யார் வைத்தது என்று பெயர் கிடையாது. நான் யாரிடம் போய்ச் சண்டை பிடிப்பது? கேக்கை மட்டும் வயிற்றெரிச்சலோடு தின்றேன்.

மாட்டு டாக்டரிடம் கூட்டிப்போனேன். இந்தப் பருவத்தில் காற்றில் பறக்கிற களைச்செடி மகரந்தம் அவனுக்கு ஒத்துக்கொள்ளவில்லை, பனி விழுந்தால் அடங்கிவிடும் என்றார். இதை ஊருக்கு எப்படிச் சொல்வது? ஆராதனை முடிந்து எல்லோரும் கூடிக் குடிக்கிற சர்ச் காப்பிக்கு இந்த முறை என் வீடு. பக்கத்து வீட்டு மார்லிஸுக்குத் திடீரென்று முதுகுவலி, பாதிரியாருக்குத் திடீரென்று வேலை, ஒரு குடம் காப்பியை நானே குடித்தேன். பொறுக்க முடியாமல் போன ஞாயிறு ஆராதனையில் அறிவிப்பு நேரத்தில் எழுந்து நின்று, "என் நாய்க்குத் தெள்ளுப்பூச்சி கிடையாது. ஒண்ணுகூடக் கிடையாது" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தேன். வெளியே வரும்போது மார்லிஸ் என் கையைப் பிடித்துக்கொண்டு, "பாவம், ரொம்பக் களைச்சுப்போயிட்டீங்க ஆர்விட்" என்றாள். மறுநாள் வாசலில் இரண்டு பாட்டில்.

போதும் அக்கா. அவனா, என் மானமா என்று ஆகிவிட்டது. சனிக்கிழமைக்குள் வந்து உன் நாயைக் கூட்டிக்கொண்டு போ.

அத்தானுக்கு என் அன்பு. கர்த்தர் உங்கள் இருவரையும் நன்றாக வைக்கட்டும்; என்னை எப்படி வைத்திருக்கிறார் என்பதை மேலே படித்திருப்பாய்.

இப்படிக்கு,
நேற்றுவரை மானத்தோடு வாழ்ந்த தம்பி,
ஆர்விட்

பி.கு.: அத்தனை ஷாம்புவும் வீணாகிறதே என்று இன்று காலை கஸ்ஸைக் குளிப்பாட்டினேன். தொட்டித் தண்ணீரில் மிதந்தவற்றை மகரந்தம் என்று சொல்ல முடியாது. அவற்றுக்குக் கால்கள் இருந்தன. மார்லிஸிடம் மூச்சு விடாதே. மகரந்தத்தாலும் பூச்சியாலும் அவதிப்படுகிறவனை அவ்வளவு தூரம் காரில் ஏற்றி அனுப்புவது நியாயமில்லை, அதனால் சனிக்கிழமை நீ வர வேண்டாம். முதலில் குணமாகட்டும். எனக்கு அவசரம் ஒன்றுமில்லை.