மீசை மாமாவின் கடைசி ஐட்டம்

வருகிற சனிக்கிழமை கச்சேரியில் பாடியே தீருவது என்று கண்ணாடிக் கடைக்காரர் முடிவு செய்துவிட்டார்.

குடியிருப்பில் நாற்பது வீடு. அவர் பாட ஆரம்பித்ததைக் கேட்காதவர் அங்கே கிடையாது. பாடி முடித்ததைக் கேட்டவரும் கிடையாது. போன வருஷ விழாவில் இரண்டாவது வரியிலேயே எவனோ ஃப்யூஸைப் பிடுங்கிவிட்டான். ஒரே ஒரு பாட்டை முழுசாகப் பாட வேண்டும், அதை நாற்பது வீடும் உட்கார்ந்து கேட்க வேண்டும். அவருக்கு வேறு ஆசையே இல்லை.

கச்சேரி நடத்துவது கீழ்த்தளத்து மழலையர் பள்ளிக் குழந்தைகள். டீச்சர், அவருடைய மனைவி.

"கடைசியா ஒரே ஒரு பாட்டு. நாலு நிமிஷம்."

"எங்கிட்ட ஏங்க கேக்கறீங்க? எல்லாம் குழந்தைங்க முடிவு."

"நாலு வயசுக்கு என்னடி முடிவு?"

"அதுங்க படம் வரைஞ்சு சுவத்துல ஒட்டியிருக்கு. ஒட்டினது எதுவோ அது நடந்தே ஆகணுமாம். எனக்கே அதுல இடமில்ல."

அவருக்குப் பொறி தட்டியது.

புதன்கிழமை மனைவிக்குச் சாப்பாடு கொண்டுபோனார். குழந்தைகள் தூங்கிக்கொண்டிருந்தன. சுவரில் நிகழ்ச்சி நிரல்: தவளைப் பாட்டுக்கு ஒரு தவளை, டப்பா மேளத்துக்கு ஒரு டப்பா, மணிக்கு ஒரு மணி. எழுத்தே கிடையாது, யாருக்கும் படிக்கத் தெரியாதே. கடையிலேயே பென்சிலால் வரைந்து வந்த தன் படத்தைக் கடைசியில் ஒட்டினார். கண்ணாடி, மீசை, கையில் மைக். மூக்கும் முழியும் அச்சு அசலாக அவரேதான்.

மனைவி குனிந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். கவனிக்கவில்லை என்று நினைத்துக்கொண்டார். மூன்று நாள் வெந்நீர் குடித்துத் தொண்டையைத் தயார் பண்ணினார். சனிக்கிழமை கிளம்பும்போது அவளே குரல் கொடுத்தாள்.

"ஏங்க, கையை நல்லா சோப்புப் போட்டுக் கழுவிட்டு வாங்க."

பாடுவதற்கு எதற்குக் கை? மைக்கைப் பிடிக்க வேண்டுமே, என்ன இருந்தாலும் என் பொண்டாட்டி பொறுப்பானவள் என்று உருகிப்போய்க் கழுவினார்.

கார் நிறுத்துமிடத்தில் கூட்டம் நிரம்பி வழிந்தது. பள்ளிச் சுவரிலிருந்த படங்களை அப்படியே எடுத்து வந்து மேடைக்குப் பின்சுவரில் ஒட்டியிருந்தார்கள். தவளைகள் ஆளுக்கொரு பக்கம் கத்தின. டப்பா மேளம் நடுவில் அம்மாவைத் தேடிக்கொண்டு போனது. எல்லாவற்றுக்கும் கைதட்டல்தான். கடைசியில் பொடிசு என்கிற தலைமைப் பொறுப்பாளர், தலையில் இரட்டைக் குடுமியோடு வந்து சுவர்ப்படத்தைத் தொட்டுக் காட்டியது.

"அடுத்து, மீசை மாமா!"

கூரை பிளக்கக் கைதட்டினார்கள். அவருக்குக் கண்ணே கலங்கிவிட்டது. மேடையேறிக் கண்ணை மூடி, "ஆ..." என்று இழுத்தார். சத்தம் கேட்டுத் திறந்து பார்த்தால் இருபத்திரண்டு குழந்தைகளும் அவர் முன்னால் வரிசையில் நின்றன. பின்னால் நாற்பது வீடும் நின்றது.

"எனக்கு ரெண்டு, மாமா."

"என்ன ரெண்டு?"

"ஐஸ்கிரீம்."

மனைவி ஒரு பெட்டியையும் கரண்டியையும் கொண்டுவந்து கையில் திணித்தாள். "ஒட்டினா நடந்தே ஆகணும்னு சொன்னேனில்ல?"

"அடியே, அது மைக்குடி!"

பொடிசு அவரை ஏற இறங்கப் பார்த்தது. "மைக்குக்கு மேல எதுக்கு மாமா செர்ரிப் பழம்?"

கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு சுவரைப் பார்த்தார். மைக்கின் தலை முழுக்க ரோஸ் கலர். உச்சியில் சிவப்பாக ஒரு செர்ரி. அவர் கடையில் இருந்தது கறுப்புப் பென்சில் ஒன்றுதான். மனைவியின் விரலைப் பார்த்தார். நகக்கண்ணில் இன்னும் ரோஸ் கலர் போகவில்லை.

"உம்முன்னு நிக்காதீங்க. பாடிக்கிட்டே குடுங்களேன், யாரு வேணாம்னா?"

அவருக்கு உயிர் வந்தது. கரண்டியும் கையுமாக நிமிர்ந்து நின்று வாயைத் திறந்தார்.

"பாடாதீங்க மாமா," என்றது பொடிசு. "ஐஸ்கிரீம்ல எச்சில் தெறிக்கும்."