விவியன் கல்யாணமும் என் குடலும்

புக்கிட் ரோத்தான்,
ஞாயிறு, பூசை முடிந்து.

உலு யாமில் இருக்கும் அன்பு மச்சான் கில்பர்ட்டுக்கு, உன் அக்காள் புருஷன் ராஃபேல் எழுதுவது. மாதாவின் தயவால் நானும் மாடில்டாவும் சுகம். என் குடல் மட்டும் இன்னும் குடும்பத்தோடு ஒத்துப்போகவில்லை. நீயும் பிள்ளைகளும் சுகம்தானே?

இந்தக் காலத்தில் கடிதமா என்று சிரிக்காதே. வாட்ஸ்அப்பில் எழுதினால் எங்கே போய் விழும் என்று சொல்ல முடியவில்லை. போன மாதம், 'காலையிலிருந்து பலமுறை போய்விட்டேன், ஆனாலும் திருப்தி இல்லை' என்று டாக்டர் குமுதினிக்கு எழுதியது கல்யாணக் குரூப்பில் போய் விழுந்துவிட்டது. கெர்லிங் ஊர்ச் சம்பந்தி அதற்கு 'ஆமென்' போட்டிருந்தார்.

புற்று வந்த மலக்குடலை அறுத்தெடுத்து, மேலே மிச்சமிருந்த குடலை இழுத்துக் கீழே தைத்து, அது ஆறும்வரை வயிற்றில் பை கட்டிவிட்டார்கள் என்பது உனக்குத் தெரியும். பையை எடுத்துப் பழைய வழியைத் திறந்துவிட்டதும், எல்லாம் சரியாகிவிட்டது என்று மாடில்டா கோழிக்கறி வைத்தாள், நானும் வஞ்சனை இல்லாமல் சாப்பிட்டேன், அன்றைக்குப் பிடித்த ஓட்டம் மச்சான், இன்னும் நிற்கவில்லை. முன்பு ஒரே தடவையில் முடிந்த காரியம் இப்போது தவணை முறையில் நடக்கிறது. எழுந்து வந்து கால் கழுவி உட்கார்ந்தால் அடுத்த தவணை கூப்பிடுகிறது. டாக்டர் யாழ்ப்பாணத்துப் பிள்ளை, நல்ல பொறுமை. "அங்கிள், உங்கட ஸ்டோர் ரூமைத்தானே நாங்கள் எடுத்திட்டம். இனி சாமானை வைக்க இடமில்லை, நேரா வாசலுக்குத்தான் வரும். கன பேருக்கு இப்பிடித்தான், போகப் போகக் குறையும்" என்றது. மாத்திரை கொடுத்து, பின்பக்கத்தை இறுக்கிப் பிடித்துப் பிறகு தளர்த்தும் ஒரு பயிற்சியும் சொல்லிக்கொடுத்தது. யாருக்கும் தெரியாமல் எங்கேயும் செய்யலாமாம். நான் சிக்னலில் கார் நிற்கும்போது செய்தேன். பக்கத்துக் காரில் இருந்த மலாய்க்கார அம்மா கண்ணாடியை இறக்கி, நெஞ்சுவலியா என்று கேட்டார்.

கோயிலில் நடந்ததைக் கேள். நோயாளி என்று மரியாதை கொடுத்து என்னை முன்வரிசையில் உட்கார வைத்தார்கள். ஃபாதர் ஆன்ட்ரூ பிரசங்கத்தில், "கடவுள் வார்த்தையைக் கேட்கப் பொறுமை இல்லாதவர்களே" என்று ஆரம்பித்தார், எனக்கு வந்துவிட்டது. எழுந்து போனேன். திரும்பி வந்து உட்கார்ந்தேன், அவர் "கல்நெஞ்சக்காரர்களே" என்றார், மறுபடி எழுந்தேன். அடுத்த வாரமும் இதே கதை. மனுஷன் மிரண்டுபோய்ப் பிரசங்கத்தைப் பாதியாகச் சுருக்கிவிட்டார். பாடகர் குழு மேகி என் கையைப் பிடித்துக்கொண்டு, "அண்ணே, எங்களால முடியாதத நீங்க செஞ்சிட்டீங்க. வர்ற வாரமும் எழுந்து போங்கலா!" என்கிறாள். ஃபாதர் வீட்டுக்கே வந்து, "ராஃபேல், என் பிரசங்கத்துல என்ன குத்தம்?" என்று கண் கலங்கக் கேட்டார். உண்மையைச் சொன்னேன். "அப்ப பிரசங்கம் நல்லாத்தான் இருந்துச்சா?" என்றார். அடுப்படியிலிருந்து உன் அக்காள், "நீளம்தான் ஃபாதர்" என்றாள்.

சிரித்தாயா? இனி நான் சொல்வதற்குச் சிரிக்காதே. வருகிற மாதம் அதே கோயிலில் விவியனுக்குக் கல்யாணம். வாசலிலிருந்து பீடம்வரை அப்பன் கைபிடித்து மகளைக் கூட்டிப் போகவேண்டும். கழிப்பறையோ கோயிலுக்குப் பின்னால், மண்டபத்தையும் தாண்டி. பாதி வழியில் வந்துவிட்டால்? வெள்ளைக் கவுனில் பிள்ளையை நடுவில் நிறுத்திவிட்டு, கெர்லிங் சம்பந்திகள் பார்க்க நான் ஓடவேண்டும். அவள் பிறந்ததிலிருந்து அந்த நடையை மனசுக்குள் நடந்து பார்த்திருக்கிறேன் மச்சான். நோய் வந்தபோதும், அவளைப் பீடத்தில் விடும்வரை உயிரைக் கொடு என்றுதான் கடவுளிடம் கேட்டேன். கொடுத்துவிட்டார். குடலையும் சேர்த்துக் கேட்க எனக்குத் தோன்றவில்லை. அதனால் தாய்மாமன் நீயே கோட் போட்டு அவளைக் கூட்டிப் போ. யார் கேட்டாலும் அத்தானுக்கு முழங்கால் வலி என்று சொல். முழங்கால் என்றால் யாரும் மேலே கேட்பதில்லை. அக்காளுக்குத் தெரியவேண்டாம்.

பிள்ளைகளுக்கு என் முத்தங்கள். மாதா உங்கள் எல்லாரையும் காக்கட்டும், முக்கியமாக உங்கள் வயிறுகளை.

இப்படிக்கு,
அத்தான் ராஃபேல்

பி.கு.: மேலே எழுதியதை மறந்துவிடு. என் கோட்டை மடித்துப் பெட்டிக்குள் வைத்ததைப் பார்த்து மாடில்டா கேட்டாள். அவளிடம் பொய் சொல்ல எனக்கு எப்போது வந்தது? உடனே போன் போட்டுவிட்டாள். கோலாலம்பூரிலிருந்து விவியன் காரை விரட்டிக்கொண்டு வந்து, "டாடி, மாமா கையப் புடிச்சிட்டு நான் வரமாட்டேன். பாதியில அவசரம்னா சொல்லுங்க, கவுன தூக்கிட்டு நானும் கூடவே ஓடி வர்றேன். மேகி ஆன்ட்டி பாட்ட இன்னொரு ரவுண்டு பாடட்டும்" என்றாள். நான் அழுதேன். அழுகை நடுவிலேயே எழுந்து போகவேண்டி வந்தது. திரும்பி வந்தேன், பிள்ளை அதே இடத்தில் உட்கார்ந்திருந்தாள், விட்ட இடத்திலிருந்து ரெண்டு பேரும் அழுது முடித்தோம். ஆகவே நான்தான் நடக்கிறேன். உனக்கு அதைவிடப் பெரிய வேலை: பின்னால் கழிப்பறைக் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு நில், பிஷப்பே வந்தாலும் உள்ளே விடாதே. கோட் போட்டுக்கொண்டே நில்.