பெண் பார்க்கப் போன இடத்தில் ஒரு தோள்பட்டை எலும்பு

தாமாகவே நூல் வாங்கிப் படித்துத் தேறியவர்களுக்கு ஒரு வியாதி உண்டு. கற்றதை எவர் தலையிலேனும் இறக்கி வைக்காமல் அவர்களுக்கு உறக்கம் வராது. அவ்வியாதி முற்றிய நிலையில்தான், ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபதுகளில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, நான் டெலானிபூருக்குப் பெண் பார்க்கச் சென்றேன்.

அப்போது நான் சாத்தம் தீவின் மர ஆலையில் மரம் அறுக்கும் தொழிலாளி. பெண்ணின் தந்தையோ கம்பவுண்டர். "படிக்காத பையனுக்குப் பொண்ணு குடுக்கறதா இல்லை" என்று முன்னரே சொல்லியனுப்பியிருந்தார். அவரை என் உடற்கூற்று ஞானத்தால் வீழ்த்துவதென உறுதி பூண்டேன். (பெண்ணை அல்ல, தகப்பனாரை! அன்றைய புத்தி அவ்வளவுதான்.) மானின் தோள்பட்டை எலும்பொன்றை வேகவைத்து, குறுக்கே அறுத்து, வாழையிலையில் பொதிந்து எடுத்துச் சென்றேன்.

கேசரி வந்தது. பெண் சரோஜாவும் வந்தாள். இரண்டையும் ஏறிட்டும் பாராமல் பொட்டலத்தைப் பிரித்தேன்.

"ஐயா, இது தட்டை எலும்பு. மண்டை ஓடு, மார்பெலும்பு, விலா யாவும் இவ்வினமே. இருபுறமும் கெட்டித் தகடு; நடுவே பஞ்சு போன்ற பகுதி. அங்குள்ள மஜ்ஜையில் இரத்த அணுக்கள் உற்பத்தியாகின்றன. உள்ளுறுப்புகளுக்கு இது கேடயம். தசைகள் பற்றிக்கொள்ள அகன்ற பரப்பும்..."

கம்பவுண்டரின் புருவம் உயர்ந்தது. வென்றுவிட்டேன் என்றெண்ணி எலும்பை அவர் முகத்தருகே நீட்டினேன். அவ்வீட்டு நாய் அதைக் கவ்விக்கொண்டு பாய்ந்தது.

"அரே மோத்தி! சோட் தே! விட்டுடு!" என்று அவர் அந்தத் தீவுகளில் எல்லார் வாயிலும் புழங்கும் இந்தியில் அலறினார்.

சான்றுப் பொருளை இழப்பதா? வேட்டியைப் பிடித்துக்கொண்டு துரத்தினேன். அந்தப் பலகை வீட்டின் தாழ்ந்த வாசல் மேற்கட்டை என் நெற்றியை மடாரென்று வரவேற்றது. மல்லாந்து விழுந்தேன். பக்கத்தில் சரோஜா ஏந்தி நின்ற கேசரித் தட்டு என் மார்பெலும்பின் மீது கவிழ்ந்தது.

கம்பவுண்டர் என் மண்டையை அழுத்திப் பார்த்தார். "ஓடு பத்திரம். தம்பி சொன்னது வாஸ்தவம்தான், நல்ல கேடயம்."

"நடுவுல பஞ்சும் இருக்காம்ப்பா" என்றாள் சரோஜா.

வீடே குலுங்கிச் சிரித்தது. சம்பந்தம் ஒழிந்ததென்று கேசரியைத் துடைத்துக்கொண்டு எழுந்தேன்.

"இவரையே முடிச்சிடுங்கப்பா. வேற எவன் வந்து என்னை இப்படிச் சிரிக்க வைக்கப் போறான்?"

கம்பவுண்டர் பெருமூச்செறிந்தார். "படிச்சவர்தான், ஒத்துக்கறேன். அடுத்த தடவை பூ வாங்கிட்டு வாங்க மாப்ளே."

இன்றும் விருந்தினர் முன் நான் தொண்டையைச் செருமி, "ஐயா, இது..." என்று தொடங்கினால் போதும்; சரோஜா வாசலை நோக்கிக் குரல் கொடுப்பாள்: "மோத்தி! ஆஜா, ஓடி வா!"

எங்கள் வீட்டில் நாயே கிடையாது.