சைக்கிள் கொட்டகை மேல் விழுந்த ஏசி

மாட்சிமை பொருந்திய கொள்முதல் அதிகாரியும், என் மனைவியின் ஒரே தம்பியும், அதனாலேயே நான் திட்ட முடியாதவருமான மைத்துனர் அவர்களுக்கு,

இங்கே உங்கள் அக்காவும் பிள்ளைகளும் நலம். உங்கள் அம்மாவைப் பற்றி அப்படி எழுத முடியாததால்தான் இந்தக் கடிதம்.

போன் செய்தால் "மீட்டிங்ல இருக்கேன் அத்தான்" என்கிறீர்கள். கடிதத்திடம் அப்படிச் சொல்ல முடியாது. அரசு ஆஸ்பத்திரி முதியோர் வார்டுக்கு வெயிலில் குளிர்ச்சியும் குளிரில் சூடும் கொடுத்துக்கொண்டிருந்த ஏசியைப் புயல் மாடியிலிருந்து பிடுங்கி, சைக்கிள் கொட்டகை மேல் போட்டுவிட்டுப் போனது. இப்போது நல்ல குளிர். அந்த வார்டில்தான் அத்தை நெஞ்சுச் சளியோடு, இரண்டு ஸ்வெட்டருக்கு மேல் என் கோட்டையும் போட்டுக்கொண்டு படுத்திருக்கிறார். பேசினால் வாயிலிருந்து புகை வருகிறது. வீட்டுக்குக் கூட்டிப் போகலாமென்றால் ஆக்சிஜன் குழாய் அந்தச் சுவரில்தான் இருக்கிறது. "இந்தக் குளிர் நீடிச்சா நான் பொறுப்பில்ல" என்கிறார் டாக்டர்.

சேதம் பார்க்க உங்கள் ஆபீஸ் ஆள் வந்தார். தலைகீழாகக் கிடந்த மெஷினை அண்ணாந்து பார்த்து, "சுவிட்சைப் போட்டுப் பாத்தீங்களா?" என்றார். "கொட்டகைக்குக் கரண்ட் இல்லீங்க" என்றேன். "அப்ப ஓடலைன்னு எப்படிச் சொல்றீங்க?" என்றார். பிறகு ஏணியில் ஏறி, மெஷினைத் தொடாமல், மாடலும் நம்பரும் பொறித்த பெயர்த் தகட்டை மட்டும் துடைத்து, நம்பரை எழுதிக்கொண்டு இறங்கினார்.

அப்புறம் உங்கள் டெண்டர். விழுந்த மாடலேதான் வேண்டுமாம். தம்பி, நீ அரைக்கால் சட்டை போட்டிருந்தபோதே அதைச் செய்வதை நிறுத்திவிட்டார்கள். என் ஏசி கடை குடோனில் அதைவிட நல்லது நிற்கிறது என்றால், "பழுது பார்க்கிறதை ஆஸ்பத்திரியே செஞ்சுக்கலாம் அத்தான். புதுசுன்னா ரூல்படிதான்" என்றாய். சும்மா தருகிறேன் என்றேன். "நன்கொடைக்குத் தனிக் கமிட்டி. அதை இன்னும் போடல" என்றாய். தெருத்தெருவாக ஃபேன் சுமந்து விற்று மேலே வந்தவன் நான். காற்று வரவில்லை என்று வந்தவனுக்குக் காற்று வர வழி செய்திருக்கிறேன். எந்த மாடல் காற்று என்று கேட்டதில்லை.

இனி உன் ஆபீஸ் படி ஏறமாட்டேன். அரசாங்கத்துக்கு ஒரு ஸ்க்ரூகூடத் தரமாட்டேன். உன் அம்மா, உன் ரூல், நீயாச்சு.

உன் பதவி உயரட்டும்; உன் அறை ஏசியை எந்தப் புயலும் தொடாதிருக்கட்டும். அக்கா ஆசீர்வாதம் சொல்லச் சொன்னாள். என்னுடையது பிறகு.

இப்படிக்கு,
உன் அக்கா புருஷன்

பி.கு.: இதை எழுதி ஆறப்போட்டேன், மனசு ஆறவில்லை. கொட்டகை மேல் ஏறி, பழைய பெயர்த் தகட்டைக் கழற்றி, என் புது மெஷினில் முடுக்கி, வார்டு மாடியில் வைத்துவிட்டேன். டாக்டர் வேறெங்கோ பார்த்தபடி மாடிச் சாவியைத் தந்தார். உன் ஆள் வந்து தகட்டைத் துடைத்தார், நம்பரைச் சரிபார்த்தார், 'பழுது நீக்கப்பட்டது' என்று எழுதிக்கொண்டார். "நல்லா பாலிஷ் போட்டிருக்கீங்க" என்று பாராட்டு வேறு. அத்தை என் கோட்டைக் கழற்றிக் கொடுத்துவிட்டார். பக்கத்துக் கட்டில் அம்மாவிடம், "எம் மகன் பெரிய ஆபீசர். சொன்ன உடனே மெஷின் அனுப்பிட்டான் பாருங்க" என்றார். பிறகு என் பக்கம் திரும்பி, "நீங்களும்தான் ஏசி கடை வச்சிருக்கீங்க மாப்பிள்ளை" என்றார். ரிமோட்டை அவர் கையில் கொடுத்துவிட்டு வந்துவிட்டேன்.