மூழ்க மறுத்த படகு

அலுமினியத் தாளில் செய்த படகு மூழ்கவே மாட்டேன் என்று அடம்பிடித்தது. அறிவியல் டீச்சருக்குக் கழுத்தோரம் வியர்த்தது.

அன்று இணையவழிக் கூட்டு வகுப்பு. இரு நாடுகளின் நான்காம் வகுப்புப் பிள்ளைகள், கோலிக்குண்டுகளைச் சுமந்து மிதக்கும் படகு செய்ய வேண்டும். யாரும் விடை சொல்லித்தரக் கூடாது. பிள்ளைகளே தோற்று, யோசித்துக் கண்டுபிடிக்க வேண்டும். சொதப்பினால் அடுத்த பருவம் அறிவியல் டீச்சருக்குக் கையெழுத்து வகுப்புதான் என்று தலைமையாசிரியை சொல்லியிருந்தார். டீச்சருக்கு அறிவியல்தான் உயிர்.

அதை விட்டுக்கொடுப்பாரா? எப்படித் தோற்பது என்று பிள்ளைகளுக்கு ஒரு வாரம் ஒத்திகையே நடத்திவிட்டார். வாயாடி செய்யும் ஒடுங்கிய படகு முதலில் மூழ்கும். கண்ணாடிக்காரன் தாடையைச் சொறிந்து யோசிப்பான். பிறகு, வாயே திறக்காமல் ஊமைக்கொட்டான் என்று பேரெடுத்த பெண் அகலமான படகு செய்து ஜெயிப்பாள்.

வாயாடி செய்து தண்ணீர்த் தொட்டியில் மிதக்கவிட்ட படகோ தட்டு மாதிரி அகலம். கேமராவுக்கு முதுகைக் காட்டி டீச்சர் கிசுகிசுத்தார்.

"ஏம்மா, ஒடுக்கமாத்தானே பண்ணச் சொன்னேன்?"

"தோக்க மனசு வரல மிஸ்."

இருந்த கோலியெல்லாம் படகில் ஏறின. படகு அசையவில்லை. தன் முறை தவறக் கூடாதென்று கண்ணாடிக்காரன் தாடையைச் சொறிந்தான்.

"அடடா, மூழ்கிடுச்சே. ஏன்னு யோசிப்போம்."

படகு ஜம்மென்று மிதந்துகொண்டிருந்தது. திரையில் மறுநாட்டுப் பிள்ளைகள் கழுத்தை நீட்டிப் பார்த்தார்கள். டீச்சர் சமாளித்தார், இன்னும் கனமானதை வைத்துப் பார்க்கலாமே என்று சிரித்தபடி பெரிய கத்தரிக்கோலைப் படகில் வைத்தார். அதன் முனை தாளைக் கிழித்தது. படகு மூழ்கியது. அப்பாடா என்று அவர் நிமிர்ந்தபோது முழங்கை பட்டுத் தொட்டி கவிழ்ந்தது.

தண்ணீர் நேராகக் கணினியை நோக்கி ஓடியது. டீச்சர் சிலையாக நின்றார். இதற்கு ஒத்திகையே இல்லை. ஆனால் வாயாடி கணினியைத் தூக்கினாள். கண்ணாடிக்காரன் சட்டென்று மேசையை மறுபக்கமாகச் சாய்த்தான். ஊமைக்கொட்டான் அலுமினியத் தாளை வாய்க்காலாக மடித்துத் தண்ணீரை வாளிக்குள் இறக்கினாள். டீச்சருக்குக் கண் நிறைந்தது. பெருமை ஒரு பக்கம், கையெழுத்து வகுப்பின் பயம் மறுபக்கம்.

வகுப்பின் ஓரத்தில் உட்கார்ந்திருந்த தலைமையாசிரியை திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். அங்கே ஒரு சிறுமி கை தூக்கி, மளமளவென்று எதையோ கேட்டாள். அவளுடைய டீச்சர் பாய்ந்து வந்து அவள் வாயைப் பொத்தினார்.

கணினி பக்கத்தில் உட்கார்ந்திருந்த மொழிபெயர்ப்பாளர் தொண்டையைக் கனைத்தார். சொல்லுங்கள் என்றார் தலைமையாசிரியை.

"'எங்க மிஸ் எங்களை மூணாவது படகுலதான் ஜெயிக்கச் சொல்லியிருக்காங்க, உங்களுக்கு எத்தனாவதுல?'ன்னு அந்தப் பொண்ணு கேக்குதும்மா."