லிப்ட், தினம் இரண்டு வேளை

மனிதகுலம் தனக்கு முழங்கால் இருப்பதை முறைப்படி கண்டறிந்தது சென்ற ஜனவரி மாதம், இரண்டாம் திங்கட்கிழமை, கொல்கத்தா சால்ட் லேக்கில், 'நிரிபிலி' குடியிருப்பின் ஏழாம் மாடியில். அதற்கு முன்பும் மக்கள் நடந்தார்கள், உட்கார்ந்தார்கள், எழுந்திருக்கும்போது கடவுளைக் கூப்பிட்டார்கள் என்பதெல்லாம் உண்மைதான். ஆனால் அவை 'பதிவு செய்யப்படாத முழங்கால்கள்'. விஞ்ஞானத்தில் சேராது.

இந்தப் பெருமைக்கு உலகத்தில் எத்தனையோ கட்டடங்கள் ஏங்கிக் கிடக்க, நிரிபிலி தேர்ந்தெடுக்கப்பட்டதற்குக் காரணம் உண்டு. ஓய்வுபெற்ற மத்திய அரசு ஊழியர்கள் வாழும் அந்த ஏழு மாடிக் கட்டடத்தில் லிப்ட் மோட்டார் எரிந்துபோய் மூன்று வருடமாகியிருந்தது. அதைப் பற்றி ஆலோசிக்க 'லிப்ட் உபகுழு' ஒன்று அமைக்கப்பட்டு முப்பத்தோரு முறை கூடியது. உபகுழுத் தலைவர் பிஸ்வாஸ் பாபு தரைத்தளத்தில் குடியிருப்பவர், ஆகவே நடுநிலையானவர். முப்பத்தோராவது கூட்டத்தில், மாடிவாசிகள் ஒருவர்கூட கீழே இறங்கி வந்து கலந்துகொள்ளாததால், லிப்ட் விஷயத்தில் அவர்களுக்கே அக்கறை இல்லை என்று ஒருமனதாகத் தீர்மானம் நிறைவேறியது.

ஆறாம் மாடியில் சகுந்தலா மாமி இருந்தாள். 'இருந்தாள்' என்பது சரியான சொல். போனாள், வந்தாள் என்று சொல்வதற்கு இடமில்லை. அறுபத்தாறு வயது, இரண்டு முழங்கால், நூற்றிருபது படி. மூன்றும் ஒத்துப்போகவில்லை. அவளுடைய கணவர் சிவராமகிருஷ்ணன் துறைமுகத்தில் ஹூக்ளி நதி எவ்வளவு ஏறுகிறது, எவ்வளவு இறங்குகிறது என்று முப்பத்திரண்டு வருடம் குறித்துக்கொண்டிருந்து ஓய்வுபெற்றவர். அந்தப் பழக்கத்தில் படியேறுவது அவருக்கு ஒரு பொருட்டாக இல்லை. நகரின் தெற்கே தமிழ்க் கடைகள் இருக்கும் லேக் மார்க்கெட்டுக்கு அவரே பஸ் பிடித்துப் போய்க் காய்கறி வாங்கி வந்தார். முருங்கைக்காய் என்று அவர் கொண்டுவருவது ஒன்றும் சாதாரணமாக இராது.

"ஏன்னா, இதச் சாம்பார்ல போடறதா, ஊனிண்டு நடக்கறதா?"

"நீ எங்க நடக்கற?" என்றார் அவர், பேப்பரிலிருந்து தலையைத் தூக்காமல்.

அந்த ஒரு வாக்கியம் மாமியின் நெஞ்சில் போய் உட்கார்ந்துகொண்டது. வாழ்க்கையில் அவளுக்கு அதற்குப் பிறகு ஒரே ஒரு ஆசைதான். தன் காலால் லேக் மார்க்கெட் போய், தன் கையால் ஒரு முருங்கைக்காயை முறுக்கிப் பார்த்து, பிஞ்சா முற்றலா என்று தீர்ப்புச் சொல்லி வாங்க வேண்டும்.

இந்தச் சமயத்தில்தான் விஞ்ஞானம் வந்தது.

சால்ட் லேக்கின் செக்டர் ஃபைவில் புதிதாகத் திறந்திருந்த ஒரு முழங்கால் ஆய்வு மையம், கொல்கத்தா முழுவதும் சலித்துப் பார்த்து, ஒரே கூரையின்கீழ் இத்தனை முழங்கால் வலி வேறு எங்குமே இல்லை என்று கண்டுபிடித்தது. எழுபத்தாறு பேர். மையத்தின் தலைவர் டாக்டர் லாஹிரி கட்டடத்தை அண்ணாந்து பார்த்துவிட்டு, "அற்புதம்!" என்றாராம். மும்பைக் கம்பெனி ஒன்று தயாரித்த கே.என்.47 என்ற மாத்திரையை இங்கே ஆறு மாதம் சோதித்துப் பார்ப்பதென்று முடிவாயிற்று. ஏழாம் மாடி ஹாலில் மூன்று வருடமாக யாரும் ஏறிப்போய்ப் பிறந்தநாள் கொண்டாடாததால் அது காலியாகவே கிடந்தது. ஆய்வுக்கூடம் அங்கே.

எக்ஸ்ரே எந்திரம் வந்து இறங்கியது. சுமைதூக்கிகள் நான்கு பேர் எந்திரத்தைப் பார்த்தார்கள். படிக்கட்டைப் பார்த்தார்கள். "ஹபே நா," நடக்காது என்று சொல்லிவிட்டு டீ குடிக்கப் போனவர்கள் திரும்பவில்லை. கம்பெனி உடனே லிப்ட்டுக்குப் புது மோட்டார் வாங்கிப் பொருத்தியது. மனிதர்களுக்காக மூன்று வருடத்தில் நடக்காதது எந்திரத்துக்காக நான்கே நாளில் நடந்தது. ஆய்வின் முதல் கண்டுபிடிப்பு என்று இதையே சொல்லலாம். கட்டுரையில் சேர்க்கவில்லை.

வீடு வீடாக வந்து கையெழுத்து வாங்கியவள் ஷபானா. பார்க் சர்க்கஸில் பிறந்து வளர்ந்த தமிழ்ப் பெண், ஆய்வு ஒருங்கிணைப்பாளர். இருபத்துமூன்று பக்க ஒப்புதல் படிவத்தை மாமியின் மடியில் வைத்தாள்.

"ஆன்ட்டி, பாதிப் பேருக்கு நிஜ மாத்திரை. பாதிப் பேருக்கு சும்மா மாவு மாத்திரை. யாருக்கு எதுன்னு உங்களுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது, டாக்டருக்கும் தெரியாது."

"பின்ன யாருக்குத்தான் தெரியும்?"

"கம்ப்யூட்டருக்கு."

"அதுக்கு முழங்கால் வலி உண்டா?"

"இல்ல ஆன்ட்டி."

"அதான் இவ்ளோ தைரியமா இருக்கு."

மற்றவர்கள் கடைசிப் பக்கத்தைத் திருப்பிக் கையெழுத்துப் போட்டார்கள். மாமி இருபத்துமூன்று பக்கமும் படித்தாள். ஆறாம் மாடியில் மூன்று வருடம் இருந்தவர்கள் எதையும் படிப்பார்கள்.

நான்கே வாரத்தில் மருத்துவ உலகம் திகைத்தது. பத்துக்கு எட்டாக இருந்த வலி பத்துக்கு இரண்டானது. ஒருவருக்கு அல்ல, எழுபத்தாறு பேருக்கும். மாமி லேக் மார்க்கெட் போய்வந்தாள். கடைக்காரர் மகேஸ்வரன் அவளைப் பார்த்ததும், "மாமி! நீங்க இன்னும்..." என்று ஆரம்பித்துப் பாதியில் நிறுத்திக்கொண்டார். மாமா தனியாகவே வந்து, ஒன்றும் பேசாமல் வாங்கிக்கொண்டு போனதில், மகேஸ்வரன் ஒரு முடிவுக்கு வந்து, துக்கம் விசாரிக்க நல்ல சமயம் பார்த்துக்கொண்டிருந்தார். மாமி பன்னிரண்டு முருங்கைக்காயை முறுக்கிப் பார்த்து மூன்றைத் தேர்ந்தெடுத்தாள்.

மறுவாரம் ஷபானா வந்தாள்.

"வலி பத்துக்கு எவ்ளோ ஆன்ட்டி?"

"ரெண்டு."

"ஆரே வா! மாத்திரை சூப்பரா வேலை செய்யுது."

"மாத்திரை இல்லடி பொண்ணே, லிப்ட்டு."

ஷபானா படிவத்தை மேலும் கீழும் பார்த்தாள். "லிப்ட்டுக்குக் கட்டம் இல்லையே ஆன்ட்டி."

"சேத்து வேற மருந்து ஏதானும் எடுத்துக்கறேளான்னு ஒரு கட்டம் இருக்கோன்னோ? அதுல போடு."

ஷபானா நேர்மையான பெண். நோயாளி சொன்னதை எழுதாமல் விட அவளுக்குக் கற்றுக்கொடுக்கவில்லை. "எத்தனை வேளை?"

"காலம்பர ஒண்ணு, சாயங்காலம் ஒண்ணு. கோவிலுக்குப் போனா எக்ஸ்ட்ரா ஒண்ணு."

"சாப்பாட்டுக்கு முன்னாடியா, பின்னாடியா?"

"முன்னாடி இறங்கறேன், பின்னாடி ஏறறேன்."

"பக்க விளைவு?"

"நாலாவது மாடி வரச்சே ஒரு குலுக்கு."

எல்லாம் பதிவாயிற்று. மூன்றாம் நாள், இந்த விவரங்களைச் சரிபார்க்கும் பெங்களூர் அலுவலகத்திலிருந்து கேள்வி வந்தது: 'லிப்ட் என்ற மருந்தின் அளவைத் தெரிவிக்கவும்.' ஷபானா லிப்ட்டுக்குள் போய், அங்கே தகட்டில் பொறித்திருந்ததை அப்படியே எழுதி அனுப்பினாள்: 'ஆறு பேர், 408 கிலோ.'

ஒரு நோயாளி தினம் இரண்டு வேளை நானூற்றெட்டு கிலோ மருந்து உட்கொண்டு சௌக்கியமாக இருக்கிறாள் என்ற செய்தி பெங்களூரிலிருந்து மும்பைக்குப் பறந்தது. மறுநாள் காலை விமானத்தில் கம்பெனியின் கண்காணிப்பாளர் ஜெய்ராம் வந்து இறங்கினார். ஏழாம் மாடியில் அவசரக் கூட்டம். நோயாளிகளின் 'பிரதிநிதி'யாக மாமியும் அழைக்கப்பட்டாள்.

"மேடம், நீங்க எழுதச் சொன்னதுல சயின்ஸே ஆடிப்போச்சு," என்றார் ஜெய்ராம்.

"உள்ளதச் சொன்னேன். எழுபத்தாறு பேரும் லிப்ட்ல போறா. எழுபத்தாறு பேருக்கும் வலி போச்சு. மாவு சாப்பிட்டவாளுக்கும் சேத்துதான் போயிருக்கு. மாவுல முழங்கால் சரியாகும்னா நான் தோசை வாத்தே சரி பண்ணிண்டிருப்பேன்."

டாக்டர் லாஹிரி திறந்த மனம் படைத்தவர். மேஜையைத் தட்டி, வங்காள மொழியில், "அப்படியானால் லிப்ட்டையும் சோதித்துவிடுவோம்," என்றார். "பாதிப் பேருக்கு உண்மையான லிப்ட். பாதிப் பேருக்குப் போலி லிப்ட்."

"போலி லிப்ட்டுன்னா?" என்றாள் மாமி.

"பார்ப்பதற்கு லிப்ட் மாதிரியே இருக்கும், மாஷிமா. உள்ளே போய் நிற்கலாம். பொத்தானை அழுத்தலாம். ஆனால் நகராது."

முப்பத்தெட்டு வருடம் கொல்கத்தாவில் இருந்தவள் மாமி. அவளும் வங்காள மொழியிலேயே பதில் சொன்னாள். "அதை நாங்கள் மூன்று வருடம் எடுத்துக்கொண்டோம், டாக்டர் பாபு. ஒரு பலனும் இல்லை."

"அந்த மூன்று வருடத்து வலியைப் பதிவு செய்து வைத்திருக்கிறீர்களா?"

"இல்லை."

"அப்படியென்றால் வலி இருந்ததற்கே ஆதாரம் இல்லையே!" டாக்டர் வருத்தத்தோடு கண்ணாடியைத் துடைத்துக்கொண்டார்.

ஜெய்ராம் காரியவாதி. "மேடம், ஒரு பேச்சுக்கு உங்க லிப்ட்டுதான் மருந்துன்னே வெச்சுக்குவோம். அத நான் எப்படி பாட்டில்ல அடைக்கறது?"

'லிப்ட் இந்த ஆய்வின் வரம்புக்கு அப்பாற்பட்டது' என்று குறிப்பு எழுதப்பட்டது. எல்லோரும் அதிலேயே ஏறிக் கீழே போனார்கள்.

ஆறு மாதம் முடிந்து கம்ப்யூட்டர் வாயைத் திறந்தது. நிஜ மாத்திரை சாப்பிட்ட முப்பத்தெட்டு பேருக்கும் குணம். மாவு மாத்திரை சாப்பிட்ட முப்பத்தெட்டு பேருக்கும் குணம். சாதாரண மூளைகள் இந்த இடத்தில் சோர்ந்து உட்கார்ந்திருக்கும். கம்பெனியின் விஞ்ஞானிகள் உட்காரவில்லை. கே.என்.47-இன் வீரியம் சாப்பிட்டவரோடு நிற்காமல் பக்கத்து வீட்டுக்காரரின் முழங்காலையும் குணப்படுத்துகிறது என்று எழுதினார்கள். ஒருவர் விழுங்க, ஊரே நடக்கும். கட்டுரை வெளியானது. நிரிபிலியில் ஆளுக்கு இரண்டு சந்தேஷ் இனிப்பு கொடுத்தார்கள்.

அதற்கடுத்த திங்கட்கிழமை, ஸ்பானரும் கயிறுமாக இருவர் வந்தார்கள். கையில் ஒரு பட்டியல். 'ஆய்வுப் பொருட்களை மீட்டல்: மீந்த மாத்திரைகள், எடை எந்திரம், எக்ஸ்ரே எந்திரம், லிப்ட் மோட்டார்.'

முதல் மூன்றும் லிப்ட் வழியாகவே இறங்கி வந்தன. நான்காவதற்கு அவர்கள் திரும்பியபோது, லிப்ட்டுக்குள் முக்காலி போட்டு சகுந்தலா மாமி உட்கார்ந்திருந்தாள். மடியில் ஒப்புதல் படிவம்.

டாக்டர் லாஹிரி ஓடி வந்தார். ஷபானா போனில் ஜெய்ராமின் முகத்தைக் கொண்டுவந்து லிப்ட் வாசலில் நீட்டினாள்.

"மேடம், அது கம்பெனி சொத்து. தயவுசெஞ்சு எழுந்திருங்க," என்றது ஜெய்ராமின் முகம்.

"பத்தொன்பதாம் பக்கம், ஏழாவது பத்தி," என்றாள் மாமி. மூக்குக் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு உரக்கப் படித்தாள்: "'ஆய்வில் பங்கேற்பாளருக்குப் பலன் தந்த சிகிச்சை, ஆய்வு முடிந்த பின்னரும் அவர் விரும்பினால் வாழ்நாள் முழுவதும் இலவசமாக வழங்கப்படும்.' நான் விரும்பறேன். எனக்குப் பலன் தந்த சிகிச்சை மேலதான் உக்காந்துண்டிருக்கேன்."

ஜெய்ராம் திரும்பி யாரிடமோ, "இப்படி ஒரு பத்தி இருக்கா?" என்று கேட்பது எல்லோர் காதிலும் விழுந்தது.

"இருக்கு சார்," என்றாள் ஷபானா. "எழுபத்தாறு காப்பி நான்தான் ஜெராக்ஸ் எடுத்தேன்."

"யார் எழுதினது?"

"நீங்கதான் சார்."

படிக்கட்டில் கூட்டம் சேர்ந்துவிட்டது. மூன்றாம் மாடி மித்ரா மாஷிமா வங்காளக் குலவையான உலு ஒலி எழுப்பினாள். மனைவிக்கு ஃப்ளாஸ்க்கில் காபி கொண்டுவந்த சிவராமகிருஷ்ணன், முதல்முறையாக அவளைப் பார்த்து, "நன்னாப் படிச்சே," என்றார்.

விவகாரம் நெறிமுறைக் குழுவுக்குப் போனது. பதினோரு அறிஞர்கள் கொண்ட குழு அது. ஒரு வாரம் உட்கார்ந்து, படிவத்தை வரிவரியாக ஆராய்ந்து, ஒரு ஏழை நோயாளியின் உரிமையைக் காப்பாற்றித் தீர்ப்பளித்தது. ஷபானா தலையைக் குனிந்தபடி அதைக் கொண்டுவந்து மாமியிடம் நீட்டினாள்.

'திருமதி சகுந்தலாவின் கோரிக்கை முழுமையாக ஏற்கப்படுகிறது. அவருக்குப் பலன் தந்த சிகிச்சை வாழ்நாள் முழுவதும் இலவசமாக வழங்கப்பட வேண்டும். அவருக்கு ஆய்வில் வழங்கப்பட்ட சிகிச்சை எது என்று கம்ப்யூட்டர் பதிவுகளைச் சரிபார்த்ததில், அது மாவு மாத்திரை என்று தெரியவருகிறது. ஆகவே மாதம் அறுபது மாவு மாத்திரைகள்.'

அன்று பிற்பகலே மோட்டாரைக் கழற்றி வண்டியில் ஏற்றினார்கள். ஒரு பெண்மணி கேட்டதை ஒரு பெரிய கம்பெனி மறுபேச்சின்றிக் கொடுத்தது என்பதை மருத்துவ இதழ் ஒன்று தலையங்கமாகவே எழுதிப் பாராட்டியது.

கம்பெனி சொன்ன சொல் தவறவில்லை. ஒவ்வொரு மாதமும் முதல் தேதி கூரியர் வருகிறது. ஏழு மாடிக் கட்டடத்தில் லிப்ட் இல்லையென்றால் கூரியர்காரர் மேலே ஏற மாட்டார். அது அவருடைய கம்பெனியின் விதி. மருந்தை நோயாளியைத் தவிர வேறு யாரிடமும், கணவரே ஆனாலும், கொடுக்கக் கூடாது. அது இந்தக் கம்பெனியின் விதி. எனவே மாமி கைப்பிடியைப் பற்றிக்கொண்டு, மாடிக்கு மாடி உட்கார்ந்து எழுந்து, கீழே வந்து கையெழுத்துப் போடுகிறாள். அறுபது மாவு மாத்திரையைத் தூக்கிக்கொண்டு ஏறிப் போகிறாள். மறுநாள் ஷபானா போன் செய்கிறாள்.

"வலி எவ்ளோ ஆன்ட்டி?"

"ஒம்பது."

இந்த எண் அதிகமாக இருப்பதைக் கவனித்த கம்பெனி அலட்சியமாக இருந்துவிடவில்லை. உடனடியாக மருந்தின் அளவை இரட்டிப்பாக்கியிருக்கிறது. இனி மாதம் இரண்டு பார்சல், முதல் தேதி ஒன்று, பதினைந்தாம் தேதி ஒன்று. உலகத்தில் மருந்தை இலவசமாகக் கொடுத்த கம்பெனிகள் பல உண்டு. நோயையும் சேர்த்து இலவசமாகக் கொடுப்பது இது ஒன்றுதான்.